ஒன்பது அனுப்பினால் பதினேழு

எங்களுக்கு குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் கார்த்திகை தீபத்தன்று பெருமுக்கல் மலைப்படியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு, திண்டிவனத்தில் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் எம்.எஸ்சி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு. விழுப்புரத்திலிருந்து தெற்கே மூன்று மணி நேர ரயில் பயணத்தில் எங்கள் பல்கலைக்கழகம். வகுப்பில் ஆறே பேர். பாடம் பாதியில் நின்றுபோனது.

அந்தப் பாடம் பாடத்திட்டத்துக்கு வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. துறையில் மற்றவர்கள் வெப்பம், ஒளி, மின்சாரம் எல்லாம் நன்றாக நடத்தக்கூடியவர்கள். ஆனால் இதை அவர்கள் தாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்ததில்லை. துறைத்தலைவர் எங்களைக் கூப்பிட்டு, "லைப்ரரியில புக் இருக்கு, படிச்சுக்குங்க" என்றார். புத்தகம் ஒன்று. நாங்கள் ஆறு பேர்.

உண்மையைச் சொன்னால், விரிவுரையாளர் நல்ல காலோடு நடத்தியபோதே எனக்கு ஒன்றும் ஏறவில்லை. என் அப்பாவுக்கு விழுப்புரம் லோகோ ஷெட் கொல்லுப்பட்டறையில் வேலை. நான் வளர்ந்தது ரயில்வே குடியிருப்பில். கண்ணெதிரே நீராவி தள்ளுகிறது, பிஸ்டன் நகர்கிறது, சக்கரம் சுற்றுகிறது. பௌதிகம் என்றால் அதுதான் என்று நினைத்து வந்தவன் நான். இங்கே கரும்பலகையில் 'சை' என்று ஒரு கிரேக்க எழுத்தை எழுதி, இதுதான் எலக்ட்ரானின் அலை என்றார்கள். எதில் எழும் அலை? தண்ணீரிலா, காற்றிலா? கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே நோட்டில் எழுதிவைத்தேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கடிதம் வந்திருந்தது. 'படுத்திருக்கிறேன். ஆனால் வாய்க்கு மாவுக்கட்டு இல்லை. சனி, ஞாயிறுகளில் வர முடிந்தவர்கள் திண்டிவனத்துக்கு வாருங்கள். பாடத்தை முடித்துவிடலாம்.' விடுதியில் என்னோடு இருந்த நால்வரும் தூரத்து ஊர்க்காரர்கள். எனக்கு விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் ஒன்றரை மணி நேரம். ரயில்வே பாஸ் வேறு இருந்தது. நான் போவதென்று முடிவு செய்தேன். ஆசையால் அல்ல, பயத்தால். சித்திரையில் பரீட்சை.

திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து விசாரித்துக்கொண்டே போய் அந்த வீட்டை அடைந்தபோது, உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வகுப்பின் ஒரே மாணவி. மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த சித்தப்பா வீட்டில் வார இறுதியில் வந்து தங்குவாராம். ஒன்றரை வருடம் ஒரே அறையில் படித்தும் அதுவரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் காலத்தில் பேச மாட்டார்கள். அவர் முன்வரிசை ஓரம், நான் பின்வரிசை ஓரம்.

விரிவுரையாளர் நாடாக்கட்டிலில் படுத்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கால், இரண்டு தலையணைகளின் மேல் ஒரு வெள்ளைத் தூண் மாதிரிக் கிடந்தது. எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். சுவரில், அவருடைய அக்கா தான் வேலைபார்த்த ஆரம்பப் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த சுருட்டுக் கரும்பலகை தொங்கியது. அதில் பாதி அழிந்த ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் தெரிந்தது.

"நான் எழுந்து எழுத முடியாது. சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதுங்க" என்றார். "எழுதறவங்களுக்குப் புரியலன்னா கை நின்னுடும். எனக்குத் தெரிஞ்சிடும்."

என் கை முதல் வரியிலேயே நின்றது.

"இன்னாப்பா?"

ஒன்றரை வருடக் கூச்சத்தையும் விழுங்கிக்கொண்டு கேட்டேன். "சார், இந்த அலை எதுல அடிக்குது?"

அவர் சிரிக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "இத நீ மொத நாளே கேட்டிருக்கணும். நானும் கேக்காமதான் எம்.எஸ்சி. முடிச்சேன்" என்றார். பிறகு அரைமணி நேரம் அதற்கே செலவிட்டார். அது எதிலும் எழும் அலை அல்ல. எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நாம் கணக்கிட உதவுவது. அந்த எழுத்தை அப்படியே பார்க்காதே, அதன் அளவை வர்க்கமாக்கிப் பார், அதில்தான் பொருள் இருக்கிறது என்றார். பல்கலைக்கழகத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் நடத்துவார். கட்டிலில் படுத்தபடி பேசியபோது அது தமிழில் வந்தது. இந்தப் பாடம் தமிழில் பேசக்கூடியது என்பதே எனக்குப் புதிய செய்தி. அன்றைக்குத் திரும்பும் ரயிலில் மயிலம் வரும்வரை நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். இந்த முறை புரிந்து ஆட்டியது.

வகுப்பு மாலை நாலரைக்கு முடிந்துவிடும். காரணம் அந்த மாணவி. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். விரிவுரையாளரின் அக்கா இதைத் தெரிந்துகொண்டு, "நீ படிச்சிக்கினு இருந்து ராத்திரி பட்டினி கெடக்காத கண்ணு. ஜல்தியா கெளம்பு" என்று நாலரை மணிக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பார். மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் அவரே சமைத்தார். அந்தப் பெண் உண்ணக்கூடாத வெங்காயமும் கிழங்கும் சனி, ஞாயிறுகளில் அந்த வீட்டுச் சமையலறைக்குள்ளேயே வரவில்லை. யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. தானாகச் செய்தார்.

மூன்றாவது வாரம் தடுப்பைத் துளைத்துப் போகும் எலக்ட்ரானைப் பார்த்தோம். ஒரு சுவர், அதைத் தாண்டும் சக்தி எலக்ட்ரானுக்கு இல்லை, ஆனாலும் சில சமயம் சுவருக்கு அந்தப் பக்கம் அது இருக்கிறது. நான் எழுதிய வரிகளிலிருந்து அந்த முடிவு வந்து விழுந்ததைப் பார்த்து, சாக்பீசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எவரோ சொல்லி நம்பியதல்ல, என் கையால் போட்ட கணக்கு. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்ணும் பேனாவை மூடிவிட்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை அடுத்த பாடத்தில் வந்தது. இது சுவர் அல்ல, மேடு. பாதையின் ஒரு இடத்தில் தரை சட்டென்று உயர்ந்து, அதற்குப் பிறகு உயர்ந்த மட்டத்திலேயே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏற வேண்டிய சக்தி எலக்ட்ரானுக்கு உண்டு. ஒரு கோலிக்குண்டாக இருந்தால் கட்டாயம் ஏறிவிடும், வேகம் மட்டும் குறையும். ஆனால் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு காரணமே இல்லாமல் மேட்டில் மோதித் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஏறிப் போகிறது என்று கண்டுபிடிக்க விரிவுரையாளர் இரண்டு சூத்திரங்களைச் சொன்னார், நான் எழுதினேன். அதை நோட்டில் எடுத்துக்கொண்டு போய், வழக்கம்போலத் திங்களன்று விடுதியில் மற்ற நால்வருக்கும் நானே நடத்தினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் பாடம் தொடங்குவதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"சார், போன வாரக் கணக்குல ஒரு சந்தேகங்க."

"சொல்லும்மா."

"நான் சும்மா நம்பர் போட்டுப் பாத்தேங்க. மேட்டுக்கு அந்தாண்ட வேகம் பாதியாயிடுதுன்னு வச்சுக்கினேன். ஒன்பது எலக்ட்ரான் அனுப்பினா ஒண்ணு திரும்பி வருதுங்க."

"சரிதான்."

"மேட்டுல ஏறிப் போறது பதினாறு வருதுங்க."

அவர் மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல முடித்தார். "ஒன்பது அனுப்பினா பதினேழு வருதுங்க சார். எங்க மண்டியிலருந்து ஒன்பது மூட்டை ஏத்திவிட்டா பதினேழு மூட்டை எறங்காதுங்களே."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. விரிவுரையாளரிடம் இப்படிக் கேட்பதா? என் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இதுபோலக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். 'உட்கார், அதெல்லாம் பின்னால் வரும்' என்பார்கள். அல்லது பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் எதற்கு என்பார்கள்.

விரிவுரையாளர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழ முயன்றார். வலியில் முகம் சுருங்கியது. "மொத வரியிலருந்து எழுதும்மா" என்றார். அந்தப் பெண் எழுதினார். இரண்டு பக்கத்து அலைகளும் மேட்டின் விளிம்பில் சரியாகப் பொருந்தின. எங்கும் கூட்டல் கழித்தல் பிழையில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் பதினேழு. மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் தலையணையில் சாய்ந்து, "எனக்குத் தெரியலம்மா" என்றார். "நீ கேக்கறது சரி. நான் எங்கயோ தப்பு பண்ணிக்கினு இருக்கேன். சுவருக்குச் சரியா வந்த கணக்கு மேட்டுக்கு ஏன் வரலன்னு தெரியல. ஒரு வாரம் டைம் குடு. நீங்க ரெண்டு பேரும் பாருங்க, நானும் பாக்கறேன்."

அது ஒரு விரிவுரையாளர் வாயிலிருந்து 'எனக்குத் தெரியல' என்ற சொல்லை நான் கேட்ட முதல் தடவை. அவர் அதை நேரம் என்னவென்று சொல்வதுபோலச் சொன்னார். வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை.

அந்த வாரம் நூலகப் புத்தகம் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். நான் நோட்டில் ஏழெட்டுப் பக்கம் கிறுக்கினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ரயிலையும் தவறவிட்டுவிட்டேன். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கதவைத் திறந்த அக்கா, "வா வா. ஒரு வாரமா தம்பிக்கு சோறு எறங்கல. கால்வலின்னு நெனச்சேன். கேட்டா ஒன்பது, பதினேழுன்னு இன்னாவோ சொல்றான். பேஜாரா இருக்கு போ" என்றார்.

உள்ளே இருவரும் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தாமதத்துக்குக் காரணம் சொன்னேன்.

"கரும்பு வண்டிங்க சார். விக்கிரவாண்டி தாண்டி ஆத்துப் பாலத்து மேட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நூறு வண்டி ஏறுது. பஸ்சு பின்னாடியே ஊர்ந்துது. கீழ ரோட்டுல அதே வண்டிங்க நல்லா தள்ளித் தள்ளித்தான் வந்துக்கினு இருந்துது."

அந்தப் பெண் சட்டென்று திரும்பினார். என்னிடம் நேராக அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மேட்டுல வண்டி ஜாஸ்தியாயிடுச்சுங்களா?"

"ஜாஸ்தி ஆவலீங்க. மெதுவா ஏறுது, அதனால நெருங்கிடுச்சு. அவ்வளவுதான்."

"அப்ப அங்க நின்னு ஒரு நிமிஷத்துக்கு எத்தினி வண்டி தாண்டுதுன்னு எண்ணினா?"

"கீழ எத்தினி வருதோ அத்தினிதான் தாண்டும். எங்கருந்து கூட வரும்?"

அந்தப் பெண் சாக்பீசை எடுத்தார். பதினாறு என்பதன் பக்கத்தில் அரை என்று எழுதிப் பெருக்கினார். எட்டு. எட்டும் ஒன்றும் ஒன்பது. பலகையைப் பார்த்தபடியே, "மேட்டுல வேகம் பாதி சார். நாம அங்க எத்தினி எலக்ட்ரான் நெருங்கி இருக்குன்னு பாத்துட்டோம். எத்தினி தாண்டிப் போவுதுன்னு பாக்கல. வேகத்தால பெருக்கணுங்க" என்றார்.

விரிவுரையாளர் தன் மாவுக்கட்டின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு "அம்மா!" என்று கத்தினார், வலியில். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே வேகம். அதனால பெருக்கலன்னாலும் சரியா வந்துச்சு. அதையே இங்கயும் போட்டுட்டேன். என் காலேஜ் நோட்டுலயும் அப்படித்தான் இருக்குது. இத்தினி வருஷம் இருந்திருக்குது!" அக்கா ஓடி வந்து, கால் மறுபடி உடைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார். "இல்லக்கா, ஒன்பது வந்துடுச்சு" என்றார் தம்பி.

நடந்தது இத்தோடு முடிந்திருந்தால் ஒரு நல்ல வகுப்பு என்று மட்டும் எனக்கு நினைவிருக்கும். அடுத்த புதன்கிழமை எங்கள் ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்தது. ஆறும் அவர் கையெழுத்து. எங்கள் இருவருக்கும்கூட வந்தது. 'மேட்டைப் பற்றி நான் கொடுத்த இரண்டாவது சூத்திரம் தவறு. தவறு என்னுடையது, நோட்டெடுத்து வந்தவருடையது அல்ல. அதைக் கண்டுபிடித்தவர் உங்கள் வகுப்பு மாணவி. திருத்தம் கீழே.' அதற்குக் கீழே ஆறு வரிகளில் முழுக் கணக்கும் இருந்தது. 'நோட்டெடுத்து வந்தவருடையது அல்ல' என்ற வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். விடுதியில் அதை நடத்தியவன் நான்தான், பழி என் மேல் விழக்கூடாது என்று அவர் யோசித்திருக்கிறார்.

கடிதத்தைப் படித்த ஒரு நண்பன், "இன்னாடா, வாத்தியாருக்கே தெரியலியா?" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. துறைத்தலைவருக்கும் அவர் அதேபோல எழுதியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. தலைவர் அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எங்கள் வகுப்பில் யாருக்கும் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தார்: நூலகத்து ஒரே புத்தகத்தைப் பரீட்சை முடியும்வரை வைத்துக்கொள்ள அனுமதி. அந்தப் பெண் அதை எங்கள் விடுதிக்கு அனுப்பிவைத்தார். ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்துப் படித்தோம். யார் எந்த நாள் என்ற பட்டியலும் அவர் எழுதியதே.

பரீட்சையில் மேடும் வரவில்லை, சுவரும் வரவில்லை. ஹைட்ரஜன் அணுவைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தில் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலிடம். நான் இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஆறு பேரும் தேறினோம்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாவுக்கட்டு பிரித்துக் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். நான் கூப்பிட்டிருந்தேன், வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். சாப்பிட்டு முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இவன் இன்னா படிச்சான்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. கேட்டா உங்களுக்குச் சொன்னாப் புரியாதுன்றான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிச் சொன்னது உண்மை.

விரிவுரையாளர் கேட்டார்: "நீங்க பட்டறையில இரும்பக் காய்ச்சறீங்க இல்ல? சூடு ஏற ஏற நெறம் எப்படி மாறுது?"

அப்பாவின் முகம் மாறியது. அது அவர் ராஜ்ஜியம். "மொதல்ல மங்கலா ஒரு செவப்பு. அப்பறம் நல்ல செவப்பு. அப்பறம் ஆரஞ்சு, மஞ்சள். அதுக்கு மேல போனா வெள்ளை. வெள்ளைக்கு வுட்டா இரும்பு கெட்டுடும். நெறத்தப் பாத்துத்தாங்க சுத்தியல எடுக்கணும்."

"அந்த நெறம் ஏன் அப்படி வருதுன்னு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஒக்காந்து கணக்குப் போட்டாங்க. ஒருத்தருக்கும் சரியா வரல. அத நேராக்கப் போயிதாங்க இந்தப் படிப்பே பொறந்துச்சு. உங்க பையன் படிச்சது அதுதான்."

அப்பா எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினார். பிறகு கேட்டார்: "ஒண்ணு கேக்கட்டுங்களா? வானவில்லுல மஞ்சளுக்கு அப்பறம் பச்சை. இரும்பு மட்டும் பச்சையே ஆவறதில்ல, நேரா வெள்ளைக்குப் போவுது. முப்பது வருஷமா பாக்கறேன். அது ஏனுங்க?"

விரிவுரையாளர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டிலில் படுத்திருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்த அதே பார்வை. "பச்சையும் வருதுங்க. ஆனா அது வர்றப்ப செவப்பு, மஞ்சள் எல்லாம் போயிடறதில்ல, கூடவே இருக்கு. எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது."

"அப்ப பச்சை உள்ள இருக்குது."

"இருக்குதுங்க."

"சரிதான்" என்றார் அப்பா. இத்தனை வருடமும் இதை ஒருவரிடமும் கேட்டதில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஐந்து வருடம் பௌதிகம் படித்துவிட்டு அதே வீட்டில் சாப்பிட்டு வந்தவன் நான். அவருக்கு இப்படி ஒரு கேள்வி இருந்தது எனக்குத் தெரியாது.

நான்கு மணிப் பாசஞ்சருக்கு அவரை ஏற்றிவிட நாங்கள் இருவரும் போனோம். அப்பா யாரையும் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகிறவர் அல்ல. ஸ்டேஷன் அவருக்கு வேலை செய்யும் இடம். வண்டி வந்து நின்றது. பெட்டியின் படி உயரம். கைத்தடியோடு அவர் தடுமாறினார். நான் ஒரு பக்கம் தாங்கினேன். விசில் ஊதும் நேரம் நெருங்கிவிட்டது. அப்பா விறுவிறுவென்று கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்து போய் கார்டிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு நிமிஷம் நிறுத்துப்பா. எம் பையனோட வாத்தியாரு ஏறிக்கினு இருக்கார்."

கார்டு வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். விரிவுரையாளர் நிதானமாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு கையை அசைத்தார். அதற்குப் பிறகுதான் வண்டி புறப்பட்டது.